ஐந்தாவது கால்

பூமியில் மனித இனம் இன்னும் மிச்சமிருப்பதற்கு ஒரே காரணம், காசிமேடு நான்காம் எண் நிறைமேடையில் தான் உட்கார்ந்திருப்பதுதான் என்று அமலதாசன் நம்பினான். விளையாட்டுக்கு அல்ல. தினமும் காலையில் சீருடைப் பொத்தானைப் போட்டபடியே மனைவி ஜெசிந்தாவிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். "சரி, காப்பாத்திட்டு வரும்போது பால் வாங்கிட்டு வா" என்பாள் அவள்.

நிறைமேடை என்பது நாய்களை எடைபோடும் தராசு. சீழ்ப்புண்ணுக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தந்த நாய், ஒவ்வொரு வேளையும் அதில் ஏற வேண்டும். பத்து கிலோ இருந்தால் ஒரு மாத்திரை, இருபது இருந்தால் இரண்டு. ஏழு நாள், காலையும் மாலையும், அமலதாசன் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியிலும் பார்ப்பான்.

பத்துக்குக் கீழே என்றால் கிடையாது.

முந்தைய தலைமுறை மாத்திரையைக் கண்ணளவில் உடைத்தது. நாய் வாலாட்டியதும் மூன்றாம் நாளே நிறுத்தியது. மிச்சத்தைத் தன் தொண்டை வலிக்குப் போட்டுக்கொண்டது. கிருமிகள் அதில் பாடம் படித்துத் தேறின. பிறகு பல் பிடுங்கப் போனவர்கள்கூட வீடு திரும்பவில்லை. இப்போது வேலை செய்யும் நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரே அளவில். சின்ன நாய்க்கு முழு மாத்திரை ஆகாது, உடைத்தால் சிறை. 'அரை' என்பதே கெட்ட வார்த்தையாகிவிட்டது. டீக்கடையில் 'ரெண்டுல ஒரு பங்கு' என்றுதான் கேட்பார்கள்.

அன்று வரிசையில் முதலில் நின்றவள் மீன் விற்கும் தேசம்மா. அவளுடைய நாய் சுறா மேடையில் தள்ளாடி நின்றது. திரை பத்து என்றது. அமலதாசன் குனிந்து பார்த்தான்.

"அக்கா, உங்க நாய்க்கு அஞ்சு காலா?"

"இன்னாப்பா சொல்ற?"

"நாலு கால்ல நகம் இருக்கு. அஞ்சாவதுல மெட்டி இருக்கே!"

வரிசை சிரித்தது. தேசம்மா காலை எடுத்தாள். ஒன்பது கிலோ அறுநூறு.

"போன வாரம் பன்னெண்டு இருந்தான் தம்பி. சீக்கு வந்து சோறு எறங்கல, அதான் எளைச்சிட்டான்."

"அப்போ போன வாரமே வந்திருக்கணும்."

"சீட்டு நேத்துதானே குடுத்தாங்கோ. நானூறு கிராம்தான்பா."

"கட்டைவிரலால உலகத்தையே கொல்லப் பாக்குறீங்களே அக்கா. அடுத்த ஆளு!"

தேசம்மா சண்டை போடவில்லை. சுறாவைக் கோணிப்பையில் சுற்றி, கேமரா மாட்டிய தூணருகே உட்கார்ந்துகொண்டாள்.

வரிசை கரைந்த பிறகு ஜெசிந்தா வந்தாள். கையில் பிஸ்கோத்து. அவர்கள் வீட்டு நாய். காதடியில் கடிபட்ட புண் கழுத்துவரை வீங்கியிருந்தது. சீட்டை நீட்டினாள். அவன் பிஸ்கோத்தைத் தூக்கி மேடையில் விட்டான்.

ஒன்பது கிலோ எழுநூறு.

இறக்கி, திரையைத் துடைத்து, மறுபடி ஏற்றினான். அதே எழுநூறு.

"மூணு நாளா சாப்பிடலையா? ஏன் சொல்லல?"

"சொன்னேன். நீ உலகத்தக் காப்பாத்தப் போற அவசரத்துல இருந்த."

அவள் கெஞ்சவில்லை. நாயைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவனை அவளுக்குத் தெரியும். பிஸ்கோத்து அவன் முழங்கையை நக்கியது. நாக்கு கொதித்தது.

தூணருகே தேசம்மா எழுந்தாள். பை அவள் மார்போடு கிடந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. அமலதாசன் அதைப் பார்த்துவிட்டான்; தான் பார்த்ததை அவள் பார்த்ததையும் பார்த்தான். தன் நாயும் எடை குறைந்து நிற்பதைக் கண்டு சிரிப்பாள் என்று காத்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. துணி காயப்போடுகிறவளைப் போல முந்தானையை உதறி, கேமராவின் மேல் போட்டாள்.

"சீக்கிரம் வை" என்றாள்.

அமலதாசன் செருப்பைக் கழற்றினான். கட்டைவிரலை மேடையின் ஓரத்தில் வைத்து, மெல்ல, மிக மெல்ல அழுத்தினான்.

பத்து.

மாத்திரையைப் பிஸ்கோத்து விழுங்கியது. வழக்கம்போல நாக்குக்கு அடியில் பார்த்தான். பிறகு ஜெசிந்தாவிடம், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "சாயங்காலம் கூட்டிட்டு வா. ஏழு நாள். நடுவுல நிறுத்தக் கூடாது."