தரையில் வைத்த காப்பிக் கிண்ணம்

அன்று பெய்த மழையில் எங்கள் கூடாரம் சரிந்துவிட்டது. என் கணவர் முத்லக், மஆன் பாலைவனத்துப் பழைய கோட்டைக்குக் காவலாளி. அவரும் நானும் எங்கள் இருபது வயது மகள் துர்ஃபாவும் நனைந்த கம்பளிகளைச் சுமந்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். பெரிய கதவை அவரே உள்ளிருந்து குறுக்குக் கட்டை போட்டு அடைத்தார்.

உள்ளே தூர்ந்த கிணற்றின் வாடை. காற்று சுவரிலிருந்த அம்பெய்யும் துளைகளில் நுழைந்து முனகியது. துர்ஃபா நாங்கள் மூட்டிய தீயோரம் சுருண்டு தூங்கிப்போனாள். இந்த மனுஷன் சும்மா இருந்தாரா? காப்பிக்கொட்டையை வறுத்து உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தார். எங்கள் சனத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம், அது அழைப்பு.

"இந்த இடத்துல இடிக்காதீங்க. யார் காதுல விழுமோ!" என்றேன்.

"விழட்டுமே! முத்லக் காப்பியை ஒளிச்சு வச்சுக் குடிச்சான்னு பேர் வரணுமா? வாயை மூடு."

இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கதவு அடைத்தபடியே இருந்தது.

தூணருகே உயரமான ஓர் ஆள். வெளியே கொட்டும் மழை, அங்கியில் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் என் கணவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இவருக்கோ விருந்தாளி கிடைத்த பூரிப்பு. "வாங்க வாங்க, உங்க வீடு மாதிரி!" என்று கிண்ணத்தை நீட்டினார்.

வந்தவர் குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

அதற்கு அர்த்தம் எங்களில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்: ஒன்று கேட்க வந்திருக்கிறேன், தருவதாகச் சொன்னால்தான் குடிப்பேன்.

என் கணவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்ன வேணும்னு முதல்ல கேளு மனுஷா!"

"விருந்தாளிகிட்ட பேரமா? மானம் போயிடும்டி." வந்தவர் பக்கம் திரும்பினார். "குடிங்க ஐயா. நீங்க கேட்டது உங்களுது."

ஒரே மடக்கில் குடித்தார் அந்த ஆள். பிறகு, தூங்குகிறவளைக் காட்டினார்.

"பொண்ணு."

தீ அணைந்தது.

கத்திக்கொண்டே இருட்டில் துழாவி மகளைக் கட்டிக்கொண்டேன். விடியும்வரை விடவில்லை. வெளிச்சம் வந்தபோது தூணருகே யாருமில்லை, துர்ஃபா நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம்தான் அவள் உள்ளங்கைகளைப் பார்த்தேன்.

கல்யாண மருதாணி. ஈரம்கூடக் காயவில்லை.

"வாக்கைத் திரும்ப வாங்குங்க!" என்று மாரில் அடித்துக்கொண்டு கதறினேன். பெரிய மானஸ்தர், காலிக் கிண்ணத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் விழித்த துர்ஃபா என் கையை மெல்ல விலக்கினாள்.

"எதுக்கும்மா அழற? அப்பாதானே குடுத்தாரு."

இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். இரவில் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறாள். காலையில் அவள் எழுந்து போனதும் அந்தக் காலி இடத்தில் கைவைத்துப் பார்க்கிறேன்.

அந்த இடம் சூடாக இருக்கிறது.