பின் பிரேக்கில் ஒரு குமிழி

அக்காவின் பிரேக்கைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைக்க வேண்டாம்.

என் அக்கா ஓட்டுவது சாதாரண சைக்கிள் இல்லை. அதில் உட்கார சீட்டே கிடையாது. "சீட்ட யாரும்மா கழட்டிட்டுப் போனாங்க?" என்று தெருவில் யாராவது கேட்காத நாள் இல்லை. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். பாறை, மரப்பெட்டி, சிமென்ட் குழாய் என்று எது குறுக்கே இருந்தாலும் சைக்கிளோடு தாவி ஏற வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர்.

இந்த விளையாட்டில் பெடலைவிட பிரேக்தான் பெரிது. அக்கா பின் சக்கரத்தில் மட்டும் நின்றுகொண்டு அடுத்த தாவலுக்குக் குறி பார்ப்பாள். அந்த நேரத்தில் பின் பிரேக் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நழுவினாலும் அக்கா மல்லாக்க விழுவாள்.

போன வாரம் அக்கா தன் பழைய சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை. நன்றாகத் துடைத்து, புதுக் கைப்பிடி மாட்டி, "இந்தா, இனிமே உன்னோடது" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள்.

அக்காவோடு சண்டை போட என்னிடம் ஆயிரம் வார்த்தைகள் உண்டு. நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால், அவளுக்கு ஏதாவது செய்து காட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை வாய்ப்பு வந்தது. அக்கா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின் பிரேக் கொஞ்சம் கொழகொழன்னு இருக்குப்பா. புதுக் குழாய் மாட்டினப்ப காத்து உள்ள போயிருக்கும். பரவால்ல, நாளைக்குப் போட்டிய எப்படியாவது சமாளிச்சிடுறேன்."

அந்த பிரேக்கில் இரும்புக் கம்பி இல்லை. மெல்லிய குழாயும் அதற்குள் நீல நிற எண்ணெயும்தான். கையில் லீவரை அழுத்தினால் எண்ணெய் ஓடிப்போய் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற பிரேக் கட்டைகளைத் தள்ளும். கட்டைகள் ரிம்மைக் கவ்வும். எண்ணெயோடு காற்றும் கலந்துவிட்டால் வேலை கெட்டது. நாம் அழுத்துகிற அழுத்தத்தை எல்லாம் காற்றே வாங்கிக்கொண்டு சும்மா சுருங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் போட்டி. அதற்கு முன்னால் ஒரு குட்டித் தூக்கம் போடுவது அக்காவின் வழக்கம். அவள் படுத்ததும் நான் கீழே இறங்கினேன்.

கீழ் அறை அப்பாவின் தையற்கடை. அப்பா மெஷினில் ஏதோ சீருடை தைத்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் சைக்கிளை நிறுத்தி, பிரேக் கட்டைகளைக் கழற்றினேன். ரிம்மில் எண்ணெய் படக் கூடாதென்று வெட்டுத்துணிகளைச் சுற்றினேன். பிறகு சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சினேன்.

அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன, சைக்கிளுக்குக் காய்ச்சலா? ஊசி போடுறியா?"

"காத்து எடுக்கப் போறேம்பா."

"அக்காகிட்ட கேட்டியா?"

"அக்கா பண்றத ரெண்டு தடவ பாத்திருக்கேன்," என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அப்பா அதைக் கவனிக்கவில்லை. நூல் அறுந்துவிட்டது, குனிந்து ஊசியில் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

பார்த்தபடியே செய்தேன். லீவரில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கீழே இருக்கிற துளையில் சிரிஞ்சை மாட்டி மெதுவாக அழுத்தினேன். எண்ணெய் கீழிருந்து மேலே ஏறி, லீவர் துளை வழியாக வெளியே வந்தது. கூடவே குட்டிக் குட்டிக் குமிழிகள். எனக்கு ஒரே பெருமை. எல்லாத் துளைகளையும் மூடி, கட்டைகளை மாட்டிவிட்டு லீவரை அழுத்திப் பார்த்தேன்.

லீவர் சோர்ந்துபோய் ஹேண்டில்பாரையே தொட்டது. முன்பு கொழகொழவென்றாவது இருந்தது. இப்போது சுத்தமாக உயிரே இல்லை.

திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதே கதை. மூன்றாம் தடவை சிரிஞ்ச் வழுக்கி, பாதி எண்ணெய் தரையில் கொட்டிவிட்டது. அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அக்கா தரையைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். லீவரை ஒரு விரலால் அழுத்தினாள். முகம் மாறிவிட்டது.

"நான்தான்க்கா. காத்து எடுக்கலாம்னு... முன்னைவிட மோசமாயிடுச்சு."

"போட்டி அன்னிக்கு யாராவது பிரேக்கத் தொடுவாங்களாடி? எதுக்குத் தொட்ட?"

"நீ சைக்கிள் குடுத்தல்ல. அதுக்குப் பதிலா ஏதாவது பண்ணணும்னு தோணுச்சு."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சரி, ஸ்பேனர எடு," என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது எனக்கு.

அக்காவே காற்று எடுத்தாள். எண்ணெய் ஏற்றினாள், குழாயைத் தட்டினாள், மூடினாள், கட்டைகளை மாட்டினாள், அழுத்தினாள். லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டது.

"நான் பண்ணியும் இப்படியே இருக்கே," என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "எப்பவும் இப்படித்தான் எடுப்பேன். உள்ள எங்கயோ காத்து ஒளிஞ்சிருக்கு. எண்ணெயும் தீந்துபோச்சு. இன்னிக்குக் கடையும் கிடையாது."

மணி இரண்டரை. எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். பின் தெருவில் இருக்கும் ஸ்பிரிங் அக்கா. அவள் தாவுவதைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. அவளும் இதே போட்டிக்குப் போகிறவள். சொல்லப்போனால், அக்காவை எப்போதும் ஒரு புள்ளியில் ஜெயிக்கிறவள்.

"அவகிட்டயா? போட்டி அன்னிக்கா?" என்றாள் அக்கா.

"கெடுத்தது நான். நானே போய்க் கேக்குறேன்."

ஓடினேன். ஸ்பிரிங் அக்கா வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். முக்கால் பாட்டில் நீல எண்ணெய்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. உங்கக்கா வரலன்னா நான் யாரத் தோக்கடிக்கிறது?"

"ரொம்ப..." என்று ஆரம்பித்தேன். அங்கேயும் மீதி வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் பலமாக ஆட்டிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஓடவில்லை. கொட்டிவிட்டால் என்ன செய்வது? பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, பார்த்துக்கொண்டே நடந்தேன். உள்ளே இருந்த காற்று ஒரு பெரிய குமிழியாக மேலே நின்றது. பாட்டிலைச் சாய்த்தேன். குமிழி பாட்டிலின் தோள்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. மூடி பக்கத்திலேயே இருந்தும் அதன் பக்கம் வரவில்லை. மூடி தாழ்வாக இருந்தது, தோள் உயரமாக இருந்தது. அவ்வளவுதான்.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

அக்கா புதிதாக மாட்டிய குழாய் பழையதைவிட நீளம். ஹேண்டிலுக்கு மேலே ஒரு வளைவு போட்டுவிட்டு, மறுபடி கீழே இறங்கித்தான் லீவருக்குள் போகிறது. அப்படியானால் எல்லாவற்றையும்விட உயரமான இடம் லீவர் துளை இல்லை. அந்த வளைவுதான். பழைய காற்றும், நான் சிரிஞ்சோடு ஏற்றிவிட்ட காற்றும் அங்கே சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் எவ்வளவு எண்ணெய் ஏற்றினாலும் அது குமிழிக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது.

அப்புறம் ஓடினேன். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, லீவர ஹேண்டில்ல இருந்து கழட்டு. அதத் தூக்கிப் பிடிக்கணும். துளைதான் உச்சியில இருக்கணும்."

அக்கா குழாயின் வளைவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அட," என்று மட்டும் சொல்லி ஸ்பேனரை எடுத்தாள்.

நான் அப்பாவின் ஸ்டூலில் ஏறி, லீவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். குழாய் கீழிருந்து மேல்வரை வளைவே இல்லாமல் நேராக நின்றது. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கீழே அக்கா சிரிஞ்சை மெதுவாக அழுத்தினாள்.

"வருதா?"

"எண்ணெய்தான் வருது. என் மூக்கு மேல."

"அசையாத."

'ப்ளக்' என்று ஒரு சத்தம். கடலை அளவுக்கு ஒரு குமிழி வெளியே வந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் வெறும் எண்ணெய், குமிழியே இல்லாத நீல எண்ணெய்.

"மேல மூடு," என்றாள் அக்கா. மூடினேன். அவள் கீழே மூடினாள். எல்லாவற்றையும் துடைத்து, கட்டைகளை மாட்டி, லீவரை ஹேண்டிலில் இறுக்கினோம். அக்கா ஒரே விரலால் அழுத்தினாள். லீவர் கொஞ்ச தூரம் வந்து கெட்டியாக நின்றது. அக்கா பலம் கொண்ட மட்டும் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் இம்மியும் நகரவில்லை.

அப்பாதான் முதலில் மூச்சு விட்டார். "காய்ச்சல் விட்டுடுச்சு. கிளம்புங்க, மணி மூணேகால்."

போட்டியின் கடைசிக் கட்டம் கேபிள் சுற்றி வைக்கிற மூன்று பெரிய மர உருளைகள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் உயரம். அக்கா இரண்டாவது உருளையின் விளிம்பில் பின் சக்கரத்தில் நின்றாள். முன் சக்கரம் காற்றில் தொங்கியது. நான் அவள் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு விரல்தான் லீவரில் இருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. பிரேக் பிடித்தது. நழுவவே இல்லை. அக்கா குறி பார்த்து, உடம்பைச் சுருக்கி, தாவி மூன்றாவது உருளையில் போய் நின்றாள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அக்காவுக்கு இரண்டாம் இடம். வழக்கம்போல ஒரே புள்ளியில் ஜெயித்தது ஸ்பிரிங் அக்கா. அக்கா நேராக அவளிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நீ குடுத்த எண்ணெயாலதான் இன்னிக்கு ஓட்டினேன்," என்றாள்.

"அடுத்த தடவ ஒரு பாட்டில் கூடுதலாவே வாங்கி வைக்கிறேன்," என்றாள் ஸ்பிரிங் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் பாதியில் நிறுத்தவில்லை. "ரொம்ப நன்றிக்கா," என்று தெளிவாகவே சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

"அந்த உருளை மேல நின்னப்ப எனக்குப் பயமே இல்லடி," என்றாள். "பிரேக் பிடிக்கும்னு தெரியும். நீ கண்டுபிடிச்சதாலதான். தேங்க்ஸ்."

ஒரு வாரமாக நான் சொல்ல முடியாமல் தவித்ததை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். நானும் சொன்னேன். சைக்கிளுக்கு ஒன்று, திட்டாமல் விட்டதற்கு ஒன்று என்று இரண்டு தடவை சொன்னேன்.