பன்னிரண்டாவது சிரிப்பு

காலை ஏழு பத்துக்கு எங்கள் கேன்டீனில் கருத்துச் சொல்லும் நேரம். தூத்துக்குடியில் கிரேன் பழுதுபார்க்கும் அந்தப் பணிமனையில் வேலை செய்யும் இருபத்தாறு பேரும் டீயும் கையுமாக உட்கார்ந்திருப்போம். சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி அன்றைய தொழில்நுட்பச் செய்திகளை வாசிக்கும். எதற்குப் புது வெர்ஷன் வந்தது, எந்த இயந்திரம் புதிதாக எதைக் கற்றது என்று மூன்றே மூன்று செய்திகள். பிறகு மேசைக்கு மேல் கம்பியில் தொங்கி நகரும் மைக்கில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வருகைப் பதிவு.

பதினோரு வருடமாக நான் சொன்னது "நல்ல முன்னேற்றம்". எங்கள் மேற்பார்வையாளர் நயினார் அண்ணாச்சி சொல்வது "வரவேற்கிறேன்". டீ போடும் பொன்னக்கா "சந்தோசம்" என்பார். ஒருமுறை கொதிக்கிற பால் அவர் கையில் கொட்டிவிட்டது. அன்றைக்கும் கையை உதறிக்கொண்டே வந்து மைக்கில் "சந்தோசம்" என்றார்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்க இயந்திரங்களை நடத்தும் மூளைக்குப் பொதுமதி என்று பெயர். மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அது தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் பேச்சுதான் அதற்குச் சாப்பாடு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், எங்கேயோ ஒரு துறைமுகத்தில், "பாவம், இந்த மென்பொருளுக்கும் ஒரு நாள் லீவு குடுங்கப்பா" என்று யாரோ கிண்டலாகச் சொல்லப்போக, ஆயிரம் பேர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பொதுமதி அதை அப்படியே கற்றுக்கொண்டது. அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்பலும் கரைக்கு வரவில்லை.

இயந்திரத்துக்குக் கேலியைப் புரியவைக்க முயற்சி செய்திருக்கலாம். அது கஷ்டமாம். அதனால் மனிதர்களைக் கேலி பேசாமல் ஆக்கினார்கள். கருத்துத் தூய்மைச் சட்டம் வந்தது. இயந்திரங்களைப் பற்றிப் போகிறபோக்கில் ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் அது கெட்டுப்போன உணவு. அதைக் கேட்டுச் சிரித்தவர், அந்த உணவைப் பரிமாறியவர். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பழக்கம் வந்தது. சிரிப்பு முட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் டம்ளரை வாயில் வைத்துக்கொள்வோம். டீ தீர்ந்துபோன டம்ளராக இருந்தாலும் சரி.

நான் ஜெசிந்தா. கிரேன்களின் சென்சார்களைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என் வேலை. நாற்பத்தாறு வயது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று என் மாமியார் சொல்வார். அதைப் பதினோரு வருடம் பூட்டி வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என்மீதே கோபம் வருகிறது.

சம்பவம் நடந்த அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தலைக்குக் குளிக்காமல் வந்திருந்தேன். ஒலிபெருக்கி உற்சாகமாக வாசித்தது: "குடிநீர்ப் பொதுமதியின் நாற்பத்தோராம் வெர்ஷன், பதினெட்டு விதமாக மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொண்டது."

மைக் என் பக்கம் வந்தது. "நல்ல முன்னேற்றம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி விடத் தெரியல, மன்னிப்பு மட்டும் பதினெட்டு விதமா கேக்குமாம். எங்க வீட்டுக்காரரு இன்னும் மொத வெர்ஷன்லயே இருக்காரு. அவருக்கு ஒரு விதமாவும் வராது."

எல்லா டம்ளரும் வாய்க்குப் போயின. அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒலிபெருக்கி பணிவாகக் கேட்டது: "கருத்தை வகைப்படுத்த முடியவில்லை. தங்கள் கணவரின் வெர்ஷனை மீண்டும் கூறவும்."

பொன்னக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு நயினார் அண்ணாச்சியின் மூக்கு வழியாக டீ வந்தது. அதற்கப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணிலும் தண்ணீர். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மூலையிலிருந்து "புஸ், புஸ்" என்று காற்று போகிற மாதிரி ஒன்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சுடலைமணி.

சுடலைமணி எங்கள் எலக்ட்ரீசியன். தொண்டையில் புற்றுநோய் வந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு குரல்பொறி மாட்டியிருக்கிறார். அவர் உதட்டை அசைத்தால் அது பேசும். நன்றாகவே பேசும், அவருடைய பழைய குரலிலேயே. கொச்சியில் இருக்கும் மகளோடு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசுவார். சிரிக்க மட்டும் அதற்குத் தெரியாது. அவருக்கும் சிரிப்பு மறந்துபோயிற்று என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்று அவர் கழுத்துத் துளை வழியாகக் காற்று பீறிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான்.

கருத்துத் தூய்மை வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தூய்மையற்ற கருத்து ஒன்று, சிரிப்புகள் பன்னிரண்டு. பதினொன்றுக்குக் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதினொரு பேரும் போய் இருமல் சான்றில் கையெழுத்துப் போட்டார்கள். 'நான் சிரிக்கவில்லை, இருமினேன்' என்று எழுதிக்கொடுத்தால் முதல் முறை விட்டுவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். நானே பொன்னக்காவிடம் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பன்னிரண்டாவது சிரிப்புக்குத்தான் ஆள் தெரியவில்லை. குரலே இல்லாத சிரிப்பு அது. சாப்பிடும் இடத்தில் கேமரா வைக்கக்கூடாது என்று தொழிற்சங்கம் எப்போதோ சண்டை போட்டு வாங்கிய உரிமை இருந்ததால் படமும் இல்லை. பேச்சைச் சொன்ன நான்தான் வந்து ஆளைச் சொல்ல வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குரல்பொறி வைத்திருப்பவர்களுக்கு இருமல் சலுகை கிடையாது. அவர்கள் தொண்டையே பொதுமதியோடு இணைந்தது. அவர்கள் கெட்டால் பொறியை அடிப்படைப் பொதிக்கு இறக்கிவிடுவார்கள். நாள் ஒன்றுக்கு அறுபது சொல். அதுவும் பட்டியலில் இருக்கிற சொல்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் சுடலைமணி வீட்டுக்கு வந்தார். அவர் பொறிக்குக் காது உண்டு, என் வீட்டுச் சுவருக்கும் உண்டு. அதனால் பொறி ஒன்று பேச, கை இன்னொன்று எழுதியது.

"காத்து இன்னைக்கு பரவால்ல, என்ன தாயி?" என்றது பொறி. கை என் மகனின் பழைய சிலேட்டில் எழுதியது: 'நான்தான்னு சொல்லிருங்க.'

"ஆமாண்ணே, மேக்காத்து" என்றேன். சிலேட்டை வாங்கி அழித்துவிட்டு 'மாட்டேன்' என்று எழுதினேன்.

"மகளுக்கு இது எட்டாம் மாசம்" என்றது பொறி. கை எழுதியது: 'உங்க வேல போயிரும். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கிய.'

"நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்ணே" என்றேன். நான் எழுதியது: 'பேரன் பொறந்தா அவங்கிட்ட அறுபது சொல்லுக்குள்ள என்னத்தப் பேசுவிய?'

அதைப் படித்துவிட்டு அவர் சிலேட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். ஒரு மனுஷன் இரண்டு வருடம் கழித்துச் சிரித்திருக்கிறான், அதற்கு விசாரணையாம்.

ஆய்வாளர் பெயர் மதிவதனன். மரியாதையான ஆள். என்னை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, அதற்கப்புறம்தான் ஆரம்பித்தார்.

"அம்மா, இது சின்ன விஷயம். 'யோசிக்காம சொல்லிட்டேன்'னு ஒரு வரி எழுதுங்க. அந்தப் பன்னிரண்டாவது ஆள் பேரச் சொல்லுங்க. சாயந்தரம் நீங்க வேலைக்கே போகலாம்."

"யோசிச்சுதான் சார் சொன்னேன். நாலு நாளா யோசிச்சேன். குளிக்காம இருந்தா யோசனை நல்லா வருது."

அவர் சிரிக்கவில்லை. அவர் மேசையிலும் ஒரு டம்ளர் இருந்தது. கை அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"பேரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றது பொய்னு உங்க குரலே காட்டுது."

"அப்ப தெரியும், சொல்ல மாட்டேன்னு எழுதிக்கிடுங்க. பொதுமதிக்கு உண்மைதான வேணும்?"

அவர் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா உங்களக் கேளாப் பட்டியல்ல சேர்க்கணும். என்னன்னு தெரியும்ல? எந்த இயந்திரமும் இனிமே நீங்க பேசுறதக் கேக்காது. பஸ் கதவு, லிஃப்ட், ஆஸ்பத்திரி டோக்கன், போன், ஒண்ணும் கேக்காது. உங்க குரல் அதுங்களுக்குச் சத்தமே கிடையாது. இதுவரைக்கும் நீங்க பேசினதையும் அழிச்சிருவோம். அந்தப் பேச்சோட ஒட்டின எல்லாத்தையும்."

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"ஒட்டினதுன்னா? அந்தச் சிரிப்பும் போயிருமா?"

"எல்லாம் போயிரும். பேச்சே இல்லாதபோது சிரிப்பு ஏது? கேஸ் முடிஞ்சிரும்."

"அப்ப அழிங்க சார்."

"அம்மா, இது திரும்ப எடுக்க முடியாதது."

"தெரியுது. அழிங்க. இல்ல, பொத்தான் எதுன்னு காட்டுங்க, நானே அழுத்துதேன்."

வெளியே வந்தபோது அந்த அலுவலகத்துக் கதவு எனக்குத் திறக்கவில்லை. காவலாளி எழுந்து வந்து திறந்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றேன், நிறுத்தச் சொன்னேன், நிற்காமல் போயிற்று. ஆறு கிலோமீட்டர் நடந்தேன். வீடு ஐந்தாவது மாடி. லிஃப்டுக்கு முன்னால் நின்று "ஏ மூதேவி, ஏத்திட்டுப் போ" என்று கத்தினேன். அது அசையவே இல்லை. என் கணவர் கில்பர்ட் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "என்னைய மொத வெர்ஷன்னியாமே?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் என் பையை வாங்கிக்கொண்டு, தானும் லிஃப்டைக் கூப்பிடாமல், எனக்கு முன்னால் படி ஏறினார்.

கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடைக்காமல், வேறு யாராவது வந்து எனக்காகப் பேசட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றேன். அன்றைக்கு மட்டும், அந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை போகும் என்றுதான் இருந்தேன். நயினார் அண்ணாச்சி விடவில்லை. "சென்சார் தொடைக்கிறதுக்கு வாய் எதுக்கு? கை இருக்குல்லா. வருகைய நான் கையால எழுதிக்கிடுதேன். நீ வா தாயி" என்றார். பத்து நாள் கழித்து, நடந்து வேர்த்து, ஏழு ஐந்துக்குக் கேன்டீனுக்குள் நுழைந்தேன். என் இடம் காலியாகவே இருந்தது.

ஒலிபெருக்கி வாசித்தது: "பொதுமதியின் புதிய வெர்ஷன், மனிதர்களின் தனிமையைப் புரிந்துகொண்டு அவர்களோடு உரையாடும் திறன் பெற்றது."

மைக் வரிசையாக வந்தது. வரவேற்கிறேன். சந்தோசம். என்னைத் தாண்டும்போது நிற்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரிலேயே, இந்த அறையிலேயே, என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிற ஒரே ஆள் நான்தான்.

"என் தனிமையும் அதுக்குப் புரியுதாம்" என்றேன், உரக்க. "நேத்து லிஃப்டுகிட்ட அரை மணி நேரம் உரையாடினேன். அதுக்கு எம்மேல என்ன கோவமோ, வாயே தொறக்கல. எங்க மாமியாகூட ரெண்டு நாளுக்கு மேல இப்படி இருந்ததில்ல."

இருபத்தைந்து டம்ளர்கள் வாய்க்குப் போயின.

"டம்ளர எறக்குங்க" என்றேன். "நான் ஒண்ணும் பேசலயே. பதிவுல பாருங்க. பேச்சே இல்லாத எடத்துல எந்தச் சட்டம் சிரிப்பப் பிடிக்கும்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொன்னக்கா மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தார். அடுத்து அண்ணாச்சி. ஒரு நிமிடத்தில் அந்தக் கேன்டீன் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மேசையில் தட்டிச் சிரித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பத்தொன்பது வருடத்துச் சிரிப்பு அத்தனையும் அன்று வெளியே வந்தது.

ஒலிபெருக்கி குழம்பிப்போய்க் கேட்டது: "சிரிப்பு பதிவாகியுள்ளது. காரணம் பதிவாகவில்லை. காரணத்தைக் கூறவும்."

சட்டென்று எல்லோரும் அடங்கினோம். இந்த ஓட்டையையும் அடைக்கும் அப்டேட் நாளைக்கே வரலாம்.

மூலையில் சுடலைமணி எழுந்து நின்றார். கழுத்தில் இன்னும் காற்று புஸ் புஸ் என்று போய்க்கொண்டிருந்தது. உதட்டை அசைத்தார். அவருடைய அந்த முழுக் குரல், மகளோடு மணிக்கணக்காகப் பேசுகிற அதே குரல், கேன்டீன் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணுமில்ல. சும்மா சிரிச்சோம். நாளைக்கும் சிரிப்போம்."