சலவைக்காரியின் வாளி

முதலில் வந்தது சவர்க்கார வாடைதான். ரெஸ்ரோறண்டின் பின்கட்டில் வாரம் ஆறு நாளும் தன் கையில் ஊறுகிற, கொழுப்பும் எலுமிச்சையும் கலந்த அதே நாற்றம், திங்கட்கிழமை லீவில் குளித்து முழுகி, கூட்டாளியின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, லா சப்பலில் ரேமண்டின் படம் பிடிக்கிற கடைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் ஏன் மூக்கில் ஏறுகிறது என்று மரியரட்ணத்துக்கு விளங்கவில்லை.

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவன். பாரிசில் கோப்பை கழுவுகிறான். ஊருக்கு எழுதுகிற கடிதங்களில் மட்டும் ஐயா இன்னும் கிளாக்கர்தான். மெட்ராசில் இருக்கிற பெண் அருள்மலரின் வீட்டார், மாப்பிள்ளையின் படம் கேட்டிருந்தார்கள். இன்று மாலை அங்கே பறக்கிற ஒருவரின் கையில் அது போகாவிட்டால், அவளைச் சுவிஸ் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்துவிடுவார்கள். வெந்து சுருங்கிய விரல்கள் படத்தில் விழக்கூடாதென்று, கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

எதிர்ச்சுவரில் வரிசையாகத் தகரத் தகட்டில் பதித்த பழங்காலப் படங்கள். கொல்லன் சுத்தியலோடு, சப்பாத்துத் தைப்பவன் ஒற்றைச் சப்பாத்தோடு, சலவைக்காரி மடியில் வாளியோடு.

"ஆர் அண்ணை இந்தச் சனம்?"

"அமெரிக்காக்காரங்க. நூத்தி இருவது வருஷம் ஆவுது," என்றார் புதுச்சேரிக்காரரான ரேமண்ட். "கூலி வேல செய்றவங்க. சாமானக் கையில எடுத்துக்கினு வந்து உக்காருவாங்க. பெருமைதான்."

"பெருமையோ? வாளியோடை படம் பிடிக்கிறதுகள், மானங்கெட்டதுகள்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பத்து மணிநேரம் எச்சில் கோப்பை தேய்க்கிறவனுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ!

மேலே பாலத்தில் மெத்ரோ தடதடத்துப் போக, தகரங்கள் ஆணியில் கிலுகிலுத்து ஒவ்வொன்றாக அடங்கின. ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சலவைக்காரியின் படத்துக்குக் கீழே சுவர் நனைந்து கறுத்திருந்தது. அதுவரை நேரே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அவனுடைய கோட்டுப் பைகளைப் பார்த்தாள். இவ்வளவுதானா நீ என்று கேட்கிற பார்வை.

"ஆடாதீங்க மிஸ்யே."

வெளிச்சம் வெட்டியது. கமரா உடனே படத்தைத் தள்ளியது. வெள்ளை அட்டையில் உருவம் மெல்ல ஊறி வந்தது. முதலில் கோட்டு. பிறகு முகம். பிறகு, மடியில் ஒரு வாளி.

"என்னா இது?" ரேமண்ட் இன்னொன்று எடுத்தார்.

அதிலும் வாளி.

"வேண்டாம் அண்ணை. நான் போறன்."

எழப் பார்த்தான். முடியவில்லை. கோட்டுப் பைக்குள் சூடாக ஏதோ ஊறியது. தண்ணீர். கைகளை இழுத்தான். வரவில்லை. உள்ளே யாரோ இரண்டு மணிக்கட்டையும் பிடித்திருந்தார்கள். சொரசொரத்த பெண் விரல்கள்.

சுவரைப் பார்த்தான். கொல்லன் இருந்தான். சப்பாத்துத் தைப்பவன் இருந்தான். மூன்றாவது தகரத்தில் முக்காலி மட்டும்.

ரேமண்டின் கையில் இரண்டாவது படம் இன்னும் தெளிந்துகொண்டிருந்தது. வாளிக்குள் முழங்கைவரை மரியரட்ணத்தின் கைகள். அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவற்றை இன்னும் ஆழத்துக்கு அமுக்கிப் பிடித்தபடி, அந்தப் படத்தை இனிப் பார்க்கப்போகிறவளை நோக்கி முகத்தை மெதுவாகத் திருப்பி, பல் தெரியச் சிரித்தாள் சலவைக்காரி.