இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு

மீட்டிங்கின் நடுவில் நப்பின்னைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. மணிலாவிலோ வார்சாவிலோ வேறு யாரோ பயந்துகொண்டிருந்தார்கள். அதில் அவளுடைய பங்கு வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பேரிணை நிறுவனத்தில் சேர்கிறவர்களுக்குக் காதின் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பகிர்வி பொருத்துவார்கள். ஒருவர் மனதில் எழும் உணர்ச்சியை அது இரண்டு லட்சம் ஊழியர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்தில் இது சாத்தியமா என்று சேரும்போதே பெருமையாகக் கேட்பார்கள்.

அவளும் அதை நம்பித்தான் சேர்ந்தாள். அப்பாவை எடுத்த அன்று மாலையே அவளால் இட்லி சாப்பிட முடிந்தது. அந்நேரம் முகம் தெரியாத சக ஊழியர்கள் காரணமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். எவ்வளவு நல்ல கம்பெனி என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் யாழிசை, அலமாரியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தானாக நடந்து வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கணவன் கத்திக் கூத்தாடினான். நப்பின்னைக்கோ, காத்திருந்த லிஃப்ட் வந்து நின்றது போல இருந்தது. மிச்ச சந்தோஷம் இரண்டு லட்சம் பேருக்குப் போய்விட்டது. வேலையை விடுவதென்று அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

ராஜினாமா கொடுக்கப் போனால், ஒரகடம் அலுவலகத்தின் பணியாளர் பிரிவு வாசலில் படிக்கட்டு வரை கூட்டம்.

"எல்லாரும் அதுக்குத்தான் மேடம்," என்றான் வரிசையில் பின்னால் நின்ற எட்வின். "ஞாயித்துக்கெழமைலேர்ந்து ஒரே நெனப்பு. விட்டுட்டுப் போயிடணும்னு."

உள்ளே அதிகாரி அருளானந்தம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"துக்கத்தப் பிரிச்சா கொறையும்மா. ஆசை அப்படி இல்ல, தீ மாதிரி, பிரிக்கப் பிரிக்கப் பரவும். யாரோ ஒருத்தருக்குத்தான் நெஜமா போகணும். மத்தவங்களுக்கெல்லாம் அது ஒட்டிக்கிட்டது. நீங்களும் ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க."

"இல்ல சார். என்னோடது என்னோடதுதான்."

"அதான் எல்லாரும் சொல்றாங்க. கழட்டினாத்தான் தெரியும்."

"கழட்டுங்க."

அவர் காந்தக்கோலை அவள் காதருகே கொண்டுபோனார். க்ளிக்.

முதலில் ஓர் அமைதி. படபடப்பு அடங்கியது. அவள் தனக்குள் தேடினாள். போகவேண்டும் என்ற எண்ணம் முன்னைவிடப் பெரிதாக அங்கேயே இருந்தது.

அதன் பின்னாலேயே பயமும் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், வேறு வேலை தேட வேண்டும், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி இல்லை. இவ்வளவு நாள் அவளுக்காக இரண்டு லட்சம் பேர் பயந்திருக்கிறார்கள். இனி அவள் ஒருத்திதான்.

வெளியே சலசலப்பு நின்றிருந்தது. அருளானந்தம் கதவைத் திறந்து பார்த்தார். வந்த காரியம் மறந்ததுபோல் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தத்தம் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஒருத்தர் நீங்கதானா!" அவர் குரலில் நிம்மதி.

"சார், எனக்குப் பயமா இருக்கு. திரும்ப மாட்டிக்கிறேனே?"

"வேணாம்மா. நீங்க மாட்டினா கம்பெனியே காலியாயிடும்." அவசரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டில் எட்வின் எதிர்ப்பட்டான். அவள் காதின் பின்னால் பகிர்வி இல்லாததைப் பார்த்து நின்றான்.

"என்ன மேடம், வேலைய விட்டுட்டீங்களா? இவ்ளோ நல்ல கம்பெனிய யாராவது விடுவாங்களா?"

அவளுக்காக வருத்தப்பட முயன்றான். அதற்குள் அது இரண்டு லட்சம் பேருக்குப் பிரிந்துபோய்விட்டது. சிரித்தபடியே மேலே ஏறிப் போனான்.