ஐந்தாம் நம்பர் துண்டு

ஐந்து துண்டுகளும் நனைந்திருந்தன. ஏரியில் இறங்கியவர்கள் நான்கு பேர்தான்.

ஹெப்சிபா கூடையைக் கல்தொட்டி ஓரத்தில் இறக்கிவைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளைத் துண்டுகள். மூலையில் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். ஒன்றிலிருந்து நான்கு வரை ஏரித் தண்ணீரின் பச்சை வாசனையும், விடுதிக்கு வந்திருந்த மதுரைக்காரர்கள் முகத்தில் பூசியிருந்த கிரீமின் தித்திப்பான வாசனையும் கலந்து அடித்தது. ஐந்தாம் நம்பர் மட்டும் கனமாக இருந்தது. பிழிந்தாள். மறுபடியும் சொட்டியது. மூக்கருகே கொண்டுபோனபோது, வாய்க்கால் தூர்வாரும்போது அடியிலிருந்து கிளம்புகிற கறுத்த சேற்றின் வாசனை வந்தது. யாரோ தலை துவட்டியது போல நடுவில் சுருங்கியிருந்தது. சின்னத் தலை.

கவுஞ்சி என்கிற மலைக்கிராமத்துக்கு மேலே கேரட் பாத்திகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்த விடுதி இருந்தது. நான்கு அறைகள், ஒரு சமையற்கட்டு, முன்னால் இறங்கிப் போகிற கல்படிகள், படிகளின் முடிவில் பெயரில்லாத ஒரு சிறிய ஏரி. வெயில் காலத்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள்கூட இந்த வருஷம் அனலுக்குப் பயந்து மலையேறி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீந்தலாமா?

நீந்தலாம். அதற்கு ஓனரம்மா வைத்த ஒரு முறை இருந்தது. கரையில் இரண்டு கற்பூர மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு. எத்தனை பேர் தண்ணீரில் இறங்குகிறார்களோ அத்தனை துண்டுகளை அதில் தொங்கவிட வேண்டும். ஏறி வருகிறவர் ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொள்வார். கயிறு காலியாகிவிட்டால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். மூடுபனி இறங்கி ஏரியே தெரியாமல் போகிற மத்தியானங்களிலும் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து கயிற்றைப் பார்த்தால் போதும். பங்குனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஹெப்சிபா ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இன்றைக்குத்தான், ஐந்து பேர் வந்திருக்கிறார்களே என்று ஐந்து துண்டு போட்டுவிட்டாள். கடைக்குட்டிப் பெண்ணுக்கு இருமல் என்று அறையிலேயே படுக்க வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

மதுரைக்கார அம்மா ஜெயப்பிரியாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்தார். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டில் அப்பளம்கூட இரண்டாகத்தான் வேண்டும், துண்டையும் இரண்டாக எடுத்திருப்பார் என்றார்.

பழனிமுத்து சிரிக்கவில்லை. சமையலும் அவன்தான், ஜீப் ஓட்டுவதும் அவன்தான். அடுப்பில் பால் பொங்கினாலும் அதற்கொரு கேலி சொல்கிறவன். துண்டின் மூலையைப் புரட்டி எண்ணைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“இதை எங்கேயிருந்துக்கா எடுத்தீங்க?”

“பீரோ அடியில கெடந்துச்சு. சீசனுக்கு டவல் பத்தல.”

அவன் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். சாயங்காலம் எல்லோரும் ஏறி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. பத்து வயதுப் பெண். மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். அந்தத் துண்டு இதுதான். ஒரு தடவைகூட நனையாத துண்டு, நல்ல துண்டு, எதற்கு வீணாக்க வேண்டும் என்று ஓனரம்மா வெந்நீரில் அலசி அடியில் போட்டு வைத்தார்.

“ஆள் இல்லாம டவல் தொங்குச்சுன்னா, யாராச்சும் வந்து எடுத்துக்கத்தான செய்வாங்க” என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. “விடுங்கக்கா. அந்த சார் ரெண்டு டவல்ல துவட்டியிருப்பாரு. ஆளும் ரெண்டாளு சைசு.”

அன்று சாயங்காலம் வெந்நீர் பாய்லரின் அடுப்புக்குள் அதைத் திணித்தாள். சீறியது. சாம்பல் நிறப் புகை சுருண்டு வெளியே வந்ததே தவிர, தீ பிடிக்கவில்லை. கட்டையும் சேர்ந்து அணையப் பார்த்தது. விருந்தாளிகளுக்கு வெந்நீர் வேண்டும். இடுக்கியால் இழுத்து வெளியே போட்டு, காய்ந்த பிறகு கொளுத்திக்கொள்ளலாம் என்று சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த கம்பிக் கொடியில் மாட்டினாள். ஒரு கரிக்கறைகூட அதில் இல்லை.

சமையற்கட்டின் மூலையில் செலினா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாவின் மகள், ஒன்பது வயது. வத்தலக்குண்டில் ஆஸ்டலில் தங்கி நாலாவது முடித்திருந்தாள். ஆஸ்டலில் பேன் தொல்லை என்று வார்டன் பங்குனியிலேயே எல்லோருக்கும் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். இரண்டு மாதமாகியும் விரலில் சுற்றுகிற அளவுக்கு முடி வளரவில்லை. ஆஸ்டலுக்குப் பின்னாலிருந்த தோட்டக் கிணற்றில் அவள் நீச்சல் பழகியிருந்தாள். ஹெப்சிபாவுக்கு நீச்சல் தெரியாது. விருந்தாளிகள் இருக்கும்போது வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை ஏரியில் இறங்கக் கூடாது. ஆகவே இருபது நாட்களாக அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகள் குதிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, அவர்கள் துவட்டப்போகிற துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தது.

“எல்லாருக்கும் லீவு. எனக்கு மட்டும் டவல் மடிக்கிற சோலி” என்றாள் அன்றைக்கு, தலை நிமிராமல்.

நாளைக்கு மதுரைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். நாளை மறுநாள் வெள்ளனே பஸ்ஸில் செலினாவை ஆஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் இருப்பது ஒரே ஒரு மத்தியானம். ஒரு நாள் ஏரியில் இறங்க விடுவதாக, பிள்ளை வந்த முதல் நாளே ஹெப்சிபா வாக்குக் கொடுத்திருந்தாள். இனி கிறிஸ்துமஸுக்குத்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். இரவு முழுவதும் அதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்தது அந்த முறைதான். ஒரு ஆள், ஒரு துண்டு. கணக்கு சரியாக இருந்தால் எதுவும் வராது.

மறுநாள் மூன்றரை மணி. மதுரைக்காரர்கள் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மண்பாதை மோசம் என்பதால் பழனிமுத்து ஜீப்பில் முன்னால் போய்த் தார்ச்சாலை வரை வழிகாட்டுவதாக ஏற்பாடு. ஹெப்சிபா செலினாவின் பழைய ரோஸ் துண்டைக் கயிற்றில் போட்டாள். இஸ்திரிப் பெட்டி பட்டுத் தீய்ந்த முக்கோணக் கறை உள்ள துண்டு. ஒன்று. கயிற்றின் இரு முனையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுதான்.

“இடுப்பளவுக்கு மேல போகாத. சத்தம் போட்டு எண்ணிக்கிட்டே இரு. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

“எவ்வளவு வரைக்கும்மா?”

“நூறு. நூறானதும் ஏறிடணும்.”

செலினா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். குளிரில் ஒரு கூச்சல். பிறகு சிரிப்பு. ஒன்று என்றாள். முங்கி எழுந்து இரண்டு என்றாள். அந்த முகத்தை ஹெப்சிபா பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது நாட்களில் அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

எட்டு வரும்போது மழைத்துளி விழுந்தது. பின்னால் கொடியில் நான்கு அறைகளின் விரிப்புகளும் காய்ந்துகொண்டிருந்தன. நாளை புதிதாக ஆள் வருகிறார்கள். இதோ வந்துவிடுகிறேன், நிறுத்தாமல் எண்ணு என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள். எதிரே ஜெயப்பிரியா, சால்வைக்குள் எதையோ அணைத்தபடி, கடைசியாக ஒரு முறை ஏரியைப் பார்த்துவிட்டு வரப் படியிறங்கிப் போனார். நல்லதாயிற்று, ஒரு ஆள் கரையில் இருக்கிறது என்று ஹெப்சிபாவுக்கு நிம்மதியாக இருந்தது.

மூடுபனி காட்டுப் பக்கமிருந்து வந்தது. முதலில் கற்பூர மரங்களின் உச்சிகள் மறைந்தன, பிறகு ஏரியின் அக்கரை, பிறகு படிகளின் கீழ்ப்பாதி. கடைசியில் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே மிஞ்சியது அந்தக் குரல் மட்டும், ஈரத்தில் நனைந்து, அருகிலா தொலைவிலா என்று சொல்ல முடியாதபடி, ஒவ்வோர் எண்ணாகப் படியேறி வந்துகொண்டிருந்தது. பதினாறு. பதினேழு. விரிப்புகளைச் சுருட்டித் தோளில் போட்டபடியே ஹெப்சிபா கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். இருபத்தொன்று. கார் பின்பக்கமாக வளைந்து வந்து நின்றது. ஜெயப்பிரியா கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார்.

“வர்றோம்மா. பாப்பாவோட டவல் நைஞ்சு போயிருக்கு பாவம். இங்கே கொடியில நல்லதா ஒண்ணு காஞ்சுச்சு, அதையும் போட்டுட்டு வந்தேன். குளிர்ல நல்லாத் துவட்டிவிடு.”

ஜீப்பும் காரும் மூடுபனிக்குள் போய்விட்டன. ஹெப்சிபா கொடியைத் திரும்பிப் பார்த்தாள். விரிப்புகளுக்கு அப்பால், கம்பியின் ஓரத்தில், இரண்டு கிளிப்புகள் வெறுமனே இருந்தன. அவற்றுக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது.

இருபத்தைந்து.

விரிப்புகளைக் கீழே போட்டாள்.

இருபத்தாறு.

ஓடினாள். சமையற்கட்டைச் சுற்றி, பாய்லரைத் தாண்டி, படிகளின் மேல்முனை வரை. காது முழுக்க அடுத்த எண்ணுக்காகத் திறந்திருந்தது.

வரவில்லை.

கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டாள். படிகளில் ஈரக்கால் வைக்கிற சத்தம் கேட்டது. தப், தப், தப். மூடுபனிக்குள்ளிருந்து பிள்ளை ஏறி வந்தது. தலையிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துண்டைப் போர்த்தி, முகத்தையும் மூடிக்கொண்டு, குளிரில் குறுகி.

ஹெப்சிபாவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். ஜெயப்பிரியா நல்ல துண்டைப் போட்டார், பிள்ளை நல்ல துண்டை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். ரோஸ் துண்டு கயிற்றில் மிஞ்சியிருக்கும். இரண்டு துண்டு, ஒரு பிள்ளை. ஒன்று மிஞ்சத்தான் வேண்டும். இந்தத் துண்டை இன்றைக்கே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம்.

தூக்கியபோது கனத்தது. ஈரத்தின் கனம் என்று நினைத்தாள்.

அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வெரசா துவட்டாவிட்டால் சளி பிடிக்கும். நாளைக்குப் பஸ் ஏற வேண்டும். எண்ணுவதை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டாள். பயந்துவிட்டாயா என்று கேட்டாள். துண்டுக்குள் தலை லேசாக ஆடியது. ஆமா என்பதா, இல்லை என்பதா, தெரியவில்லை. துண்டோடு சேர்த்துத் தலையைத் தேய்த்தாள். தண்ணீர் வழிந்தது. அழுத்தித் தேய்த்தாள். அவள் சேலை நனைந்து, பலகை நனைந்து, சிமெண்டுத் தரையில் தண்ணீர் கோடாக ஓடி வாசல்படியைத் தொட்டது. அடுப்பில் நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் மடி குளிர்ந்தது. தொடை எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

சேற்று வாசனை.

“ஏம்மா, இடுப்பளவுக்கு மேல போனியா?”

துண்டுக்குள் கையை விட்டாள். காதைத் தடவினாள். காதுக்குப் பின்னால் விரல்களில் ஏதோ சிக்கியது. பாசி என்று நினைத்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். நீண்டுகொண்டே வந்தது. மெல்லியதாக. வழவழப்பாக. விரல்களைச் சுற்றிக்கொண்டு.

முடி.

நீள முடி.

ஹெப்சிபாவின் கை நின்றது. அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. மடியில் இருந்தது அசையவில்லை. கயிற்றில் மிஞ்சியிருப்பது மிச்சத் துண்டு என்றுதானே நினைத்தாள்.

வெளியே, படிகளுக்குக் கீழே, கரையில் அல்ல, அதற்கும் வெகு தூரத்தில், தண்ணீரை விழுங்கிவிட்டு எழுந்த குரலில், யாரோ சொன்னார்கள்.

“இருபத்தேழு.”

எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. துண்டின் விளிம்பிலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நெடுநேரம் ஊறி வெளுத்த கை. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. பிள்ளைகள் அம்மாவைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தது. உதறினாள். பற்களால் கடித்தாள். வாய் நிறையச் சேற்றுத் தண்ணீர். செலினா என்று கத்தினாள். கரைக்கு வா என்று கத்தினாள்.

“அம்மா… இருபத்தெட்டு.”

இன்னும் தூரத்தில். நிறுத்தக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாளே.

பிறகு காற்று திரும்பியது. மூடுபனி ஜன்னலுக்கு வெளியே துணி போல விலகியது. ஏரி தெரிந்தது. வளையம்கூட இல்லாத வெள்ளைத் தண்ணீர். கற்பூர மரங்கள் தெரிந்தன. நடுவே கயிறு. கயிற்றில், தீய்ந்த முக்கோணக் கறையோடு, ரோஸ் துண்டு.

ஒன்று.

அவள் காத்திருந்தாள். உடம்பு முழுக்கக் காதாகக் காத்திருந்தாள். ஏரி எதுவும் சொல்லவில்லை.

மடியில் துண்டு மெல்லக் குலுங்கியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணி உள்வாங்கி, வெளியே ஊதியது. மிக அருகில், அவள் காதோரத்தில், செலினாவின் குரலிலேயே, நிதானமாக.

“இருபத்தொன்பது.”