காணாமல் போன நான்காவது துண்டு

காலை 6.25. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. படுக்கையில் பாலம்மாள் இறந்து கிடந்தார். ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் இல்லை. அழுத்தம் குறைந்ததுமே நர்ஸின் போனுக்கு வரவேண்டிய எச்சரிக்கை வரவேயில்லை.

காலை 9.40. அந்த எச்சரிக்கையை அனுப்பும் சர்வரைப் பராமரித்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனி. சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி படியேறினார். பின்னாலேயே பாலம்மாளின் கணவர் நல்லக்கண்ணு. அவரை வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பொறுப்பாளர் ஆனந்தகுமார் முந்திக்கொண்டார்.

"சர்வர் என்ன செய்யணும்னு சொல்ற கான்ஃபிக் ஃபைல்ல நாலு துண்டு இருக்கணும் மேடம். நாலாவதுதான் எச்சரிக்கையை அனுப்பச் சொல்ற துண்டு. அதைக் காணல. நேத்து சாயங்காலம் 5.05க்கு காவியா கையால அந்த ஃபைலைத் திருத்தியிருக்கா. யாரு திருத்துனான்னு பதிவாகுற லாக்ல இவ பேரு மட்டுந்தான் இருக்கு."

காவியா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். ஒரு சாவின் பழி தன் தலையில் விழப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் அழிக்கல மேடம். துண்டு இல்லாம இருந்துச்சு. நாந்தான் திரும்பப் போட்டேன். ஆனந்தகுமார் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். 'சரி, கிளம்பு'ன்னாவ. புளியங்குடி பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

"பொய்! கிளம்பட்டுமான்னுதான் கேட்டா" என்றார் ஆனந்தகுமார்.

வேல்விழிக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படவும் மாட்டார்.

"இந்த ஃபைலை யாரு எழுதுதா?"

"ஆட்டோமேஷன் டூல் மேடம்." ஆனந்தகுமார் குரலில் பெருமை. "துண்டுகள் தனியா ஒரு இடத்துல இருக்கும். டூல் அதை ஒண்ணாச் சேத்து அரை மணிக்கு ஒருக்கா சர்வர்ல புதுசா எழுதிரும்."

"அந்த இடத்துல யாரு கை வைக்கலாம்?"

"பாஸ்வேர்டு என்கிட்ட மட்டுந்தான். புதுசா வந்தவங்களுக்குக் காட்டுறதே இல்ல."

காலை 10.05. "காவியா, நேத்து செஞ்சதை இப்பம் அப்படியே செய்யி" என்றார் வேல்விழி. அவள் நான்காவது துண்டைச் சேர்த்துச் சேமித்தாள். பிறகு வேல்விழி யாரையும் கீபோர்டைத் தொடவிடவில்லை. டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

காலை 10.31. ஃபைலைத் திறந்தார்கள். நான்காவது துண்டு மறுபடியும் இல்லை.

"கையால போட்டது அரை மணிக்கு மேல நிக்கல" என்றார் வேல்விழி. "கையால அழிச்சிருந்தாலும் அப்படித்தான். அஞ்சரைக்குத் தானா திரும்ப வந்திருக்கும். ஏன் வரல? டூல் எடுக்குத இடத்துலயே அந்தத் துண்டு இல்ல. அங்க கை வைக்க உம்மால மட்டுந்தான் முடியும்னு நீரே சொன்னீரு. இவ போட்டது நிக்காதுன்னு தெரிஞ்சேதான் 'கிளம்பு'ன்னு சொல்லியிருக்கீரு."

ஆனந்தகுமார் ஒப்புக்கொண்டார். "பொய் அலாரமா வந்துச்சு மேடம். ஒவ்வொண்ணுக்கும் ஆஸ்பத்திரில என்னைத்தான் ஏசுனாவ. அழுத்தத்தை அளக்குற சென்சாரைச் சரி பண்ணிட்டுத் திரும்பப் போடலாம்னுதான் துண்டை எடுத்தேன்."

வேல்விழி நல்லக்கண்ணுவிடம் திரும்பினார். "இந்தப் பிள்ள மேல குத்தமில்ல அண்ணாச்சி. துண்டைத் திரும்பப் போட்டதே இவதான்."

நல்லக்கண்ணு காவியாவின் அருகில் வந்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"அந்தத் துண்டு ஏன் காணாமப் போச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, மக்கா."

அதுவரை அழாதிருந்த காவியா அப்போதுதான் உடைந்து அழுதாள்.